வறண்ட நாட்டின் சோற்றுக் கணக்கு

ஆம்பூர் ரயில் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் காலை ஏழு மணிக்கு நிற்க இடம் இருக்காது. ஷூ கம்பெனி வேன்கள் வந்து ஆட்களை ஏற்றிப் போகிற நேரம் அது. போன வாரம் அங்கே என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன் ஒருவனைப் பார்த்தேன். இப்போது கட்டிங் பிரிவில் வேலை செய்கிறான். ஒரு கையில் டீ கிளாஸ், இன்னொரு கையில் போன். நைஜர் என்ற ஆப்பிரிக்க நாட்டைப் பற்றி எதையோ படித்துவிட்டு மனசு ஆறாமல் நின்றிருந்தான்.

“சார், 2004ல அங்க விளைச்சல் பத்துல ஒரு பங்குதான் கொறஞ்சுதாம். அடுத்த வருஷம் கொழந்தைங்க எலும்பும் தோலுமா கெடக்குதுங்க. பத்துல ஒரு பங்குன்னா தட்டுல ஒரு பிடி கொறையும். அதுக்கு எப்படி சார் இவ்ளோ பெரிய பசி வரும்?”

பதில் சொல்லத் தொடங்குவதற்குள் வேன் வந்துவிட்டது. நல்ல கேள்விக்குப் பாதி பதில் சொல்லி அனுப்புவது எனக்குப் பிடிக்காது. அதனால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

நைஜர் ஒரு நிலம்சூழ் நாடு. எந்தப் பக்கம் போனாலும் கடல் இல்லை. வடக்கே சகாரா பாலைவனம். தென்மேற்கு மூலையில் மட்டும் நைஜர் ஆறு ஓடுகிறது. அங்குள்ள மக்களில் ஐந்தில் நான்கு பேர் பயிரையும் ஆடுமாடுகளையும் நம்பிப் பிழைப்பவர்கள். அவர்கள் விதைப்பது கம்பு, சோளம், தட்டைப்பயறு. பட்டியலைப் பார்த்தாலே தெரியும், நம் மேட்டுக்கொல்லையில் தாத்தா காலத்தில் விதைத்தவைதான் இவை. கம்பு ஆப்பிரிக்காவின் அந்தச் சகேல் பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவுக்கு வந்த தானியம். ஆடி மாதத்தில் மாரியம்மனுக்கு ஊற்றுகிறோமே கேவுரு கூழ், அந்தக் கேழ்வரகும் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்துப் பயிர்தான். ஹைதராபாத் அருகே படான்செருவில் 1972இல் தொடங்கிய பன்னாட்டு வறண்ட நிலப் பயிர் ஆய்வு நிறுவனமான இக்ரிசாட், நைஜர் தலைநகர் நியாமேக்குப் பக்கத்திலும் ஓர் ஆய்வு மையம் வைத்திருப்பது இந்த உறவால்தான். எனவே நைஜரின் பயிர் நிலவரத்தைப் புரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டாம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி நிலமே போதும்.

வறண்ட உள்நாட்டு நிலத்துக்கு எப்படிச் சோறு வருகிறது என்று பார்க்க நான்கு இடங்களில் விசாரிக்க வேண்டும். வானம், கிணறு, பாதை, கையில் உள்ள காசு. செய்திகள் பெரும்பாலும் முதல் இடத்தோடு நின்றுவிடுகின்றன.

வானத்திலிருந்து தொடங்குவோம். வேலூர்ப் பகுதியில் ஆண்டுக்குச் சுமார் 900 முதல் 1,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. நியாமேயில் சுமார் 550. ஆனால் இந்த அளவைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. நமக்குத் தென்மேற்குப் பருவமும் கொஞ்சம் தரும், வடகிழக்குப் பருவமும் கொஞ்சம் தரும். ஆடிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, கைவிட்டாலும், ஐப்பசி மழையில் ஏரி நிரம்பினால் ஒரு நெல் எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை இருக்கும். நைஜரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரே ஒரு பருவம். அது தவறினால் அடுத்த ஆண்டுதான்.

மொத்த மழை எவ்வளவு என்ற எண்ணும் முழு உண்மையைச் சொல்லாது. மல்லாட்டை போட்டவர்களைக் கேட்டுப் பாருங்கள். பூ விட்டு விழுது இறங்குகிற நாட்களில் மண் நனைந்திருக்க வேண்டும். மண் இறுகிக் கிடந்தால் விழுது உள்ளே போகாது. அப்புறம் எத்தனை மழை பெய்தாலும் செடி தழைக்கும், காய் பிடிக்காது. கம்புக்கும் அப்படித்தான். பால் பிடிக்கும் நேரத்தில் பத்துப் பதினைந்து நாள் மழை விட்டுப் போனால் கதிர் இருக்கும், மணி இருக்காது. விதைத்ததும் மழை ஏமாற்றினால் மறுபடி விதைக்க வேண்டும். அந்த விதைக்கான தானியத்தை வீட்டுக் குதிரிலிருந்துதான் எடுக்க வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் வயல் பச்சையாகத் தெரிகிறது என்பதால் மட்டும் விளைச்சல் நன்று என்று சொல்லிவிட முடியாது. 1984இல் எத்தியோப்பியாவில் நேர்ந்த கொடும் பஞ்சத்துக்குப் பிறகு, 1985இல் பஞ்ச முன்னெச்சரிக்கைக்காகவே ஓர் அமைப்பை அமெரிக்கா தொடங்கியது. அதில் வேலை செய்பவர்கள் பச்சையைப் பார்ப்பதோடு சந்தை விலையையும் கூலியையும் ஆட்டு விலையையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள்.

மழைக்கும் அறுவடைக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. சென்ற ஆண்டுத் தானியம் தீர்ந்துவிடும், இந்த ஆண்டுப் பயிர் இன்னும் கதிர் விட்டிருக்காது. கொல்லையில் உழைப்பு உச்சத்தில் இருக்கும்போது குதிர் அடிமட்டத்தில் இருக்கும். நைஜரில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அந்தக் காலம். நம் ஆடியும் அதே நாட்களில்தான் வருகிறது. வேலூரை உள்ளடக்கிய பழைய வட ஆற்காட்டு ஊர்களில் ஆடி மாதம் தெருவுக்குத் தெரு அண்டாவில் கூழ் காய்ச்சி, வந்தவர்கள் எல்லாருக்கும் ஊற்றுகிறோம். அதை வழிபாடாக மட்டும் பார்த்து வளர்ந்தவன் நான். வயது ஏற ஏற அதில் இன்னொன்றும் தெரிகிறது. வீட்டில் தானியம் குறைந்திருக்கும் மாதத்தில், இருப்பவர் கொடுத்ததையும் இல்லாதவர் கொண்டுவந்த பாத்திரத்தையும் அம்மன் பெயரால் ஒரே இடத்தில் சேர்த்தார்கள். கேழ்வரகு பூச்சி பிடிக்காமல் ஆண்டுக்கணக்கில் இருக்கும். நல்ல ஆண்டின் மிச்சத்தைக் கெட்ட ஆண்டுக்குக் கொண்டுபோகும் தானியம் அது.

இரண்டாவது இடம் கிணறு. மழை தவறும் ஆண்டில் பயிரைக் காப்பாற்ற மண்ணுக்குள் சேமிப்பு இருக்கிறதா? வேலூர் நிலத்தின் அடியில் கடும் பாறை. மேலே சிதைந்த அடுக்கிலும் பாறை வெடிப்புகளிலும் மட்டுமே நீர் தங்கும். இந்தக் குறையை ஈடு செய்தது பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, ஆந்திரத்தைத் தாண்டி, வாணியம்பாடிப் பக்கம் தமிழ்நாட்டில் நுழைந்து, கல்பாக்கத்துக்கு அருகே வாயலூரில் கடலைச் சேருகிறது. மேலே ஓடாத மாதங்களிலும் மணலுக்கு அடியில் நீர் நகர்ந்துகொண்டே இருக்கும். ஆற்று மணலில் வெட்டிய ஊற்றுக்கால்வாய்கள் வழியே அந்த நீரைக் கழனிக்குக் கொண்டுவந்தார்கள். மணலை அள்ளியதும் ஊற்றும் போயிற்று. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியபோது, பாலத்தில் நின்று பார்த்தவர்களில் பலர் வாழ்நாளில் அப்படி ஒரு வெள்ளத்தைக் கண்டதில்லை. அந்த நீரைப் பிடித்துவைக்க முன்பிருந்த மணல் இப்போது அதே அளவில் இல்லை.

1960களின் பின்பாதியில் புதிய நெல் ரகங்கள் வந்தபோது வட ஆற்காட்டுக் கிணறுகள் உலகக் கவனத்தையே பெற்றன. 1973-74இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து இந்த மாவட்டத்து ஊர்களை ஆராய்ந்தன. கால்வாய்ப் பாசனம் இல்லாத வறண்ட மாவட்டம் கிணற்றையும் பம்ப்செட்டையும் வைத்து எப்படிப் பசுமைப் புரட்சிக்குள் நுழைந்தது என்பது அவர்கள் கேள்வி. 1980களில் இன்னொரு குழு திரும்ப வந்து பார்த்தது. விளைச்சல் ஏறியது உண்மை. கிணறு ஆழமானதும் உண்மை. பக்கத்துக் கழனிக்காரர் பத்தடி ஆழப்படுத்தினால் நாமும் பத்தடி ஆழப்படுத்த வேண்டும். கடன் வாங்கி ஆழப்படுத்த முடியாதவர் கிணறு முதலில் வறண்டது.

ஆழத்தோடு உப்பும் சேர்ந்தது நம் ஊரின் தனித் துயரம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். தோல் பதனிடும் டேனரிக்கு வந்ததும் முதல் வேலை அதை நீரில் ஊறப்போட்டு அந்த உப்பைக் கழுவுவது. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்தச் சுமார் 35 லிட்டர் நீர் தேவை என்று உச்சநீதிமன்றத் தீர்ப்பே பதிவு செய்திருக்கிறது. ஆவாரம் பட்டையை வைத்துப் பதனிட்ட காலத்திலும் உப்பு இருந்தது. குரோமியம் வந்தபின் உப்போடு நஞ்சும் சேர்ந்தது. அந்த நீர் எல்லாம் பல பத்தாண்டுகள் பாலாற்றிலும் ஓடைகளிலும் வெற்று நிலத்திலும் இறங்கியது.

உப்பு நீர் பயிரை என்ன செய்யும் என்பதற்கு ஊறுகாய் ஜாடியே போதும். நறுக்கிய மாங்காயில் உப்பைக் கொட்டினால் காய்க்குள் இருக்கும் நீரை உப்பு வெளியே இழுத்துவிடும். வேரைச் சுற்றி உப்பு மிகுந்தாலும் அதே இழுப்புதான். மண் ஈரமாக இருக்கும், வேரால் குடிக்க முடியாது. நீருக்குள் நின்றபடி செடி தாகத்தில் வாடும். அடுத்து, உப்பில் உள்ள சோடியம் களிமண்ணைக் கெட்டியாக்கும். நிலம் உவராகிப் பிறகு களராகும். மழை பெய்தாலும் உள்ளே இறங்காமல் மேலேயே வழிந்து ஓடும். முதலில் பயறு போகும், அப்புறம் நாற்றங்கால் போகும். தென்னை மட்டும் கொஞ்ச காலம் தாக்குப் பிடிக்கும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் தொழில் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுதுமோ பயிருக்கு உதவாமல் போனது என்ற தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக வேலூர் மையத்தின் மதிப்பீடு அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற விதி இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதில் அந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்குண்டு. சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லாரும் நம் ஊர்ப் பெயரைப் படிக்கிறார்கள். அதன்பின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வளர்ந்தன. கழிவுநீரை வெளியே விடக்கூடாது என்ற கட்டாயமும் வந்தது. என்றாலும் 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மறுபடி பேச வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு போய்ச் சேர வேண்டும், சேதம் சரியாகும்வரை அந்தப் பொறுப்பு தொடரும் என்றது. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே ஏறத்தாழ 28 ஆண்டுகள். அவ்வளவு காலமாகியும் மண்ணுக்குள் போன உப்பு முழுதாக வெளியே வரவில்லை.

அப்படியானால் வேலூரில் ஏன் பஞ்சம் இல்லை? அதற்குத்தான் மூன்றாவது இடமும் நான்காவது இடமும்.

பாதை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று சென்னை ராயபுரத்திலிருந்து நம் பக்கத்து வாலாஜா ரோடுக்குத்தான் வந்தது. அன்று முதல் இந்த மாவட்டம் கடலோடு கட்டப்பட்டுவிட்டது. ஆம்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் 200 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. நடுவில் சுங்க எல்லை எதுவும் இல்லை. ஆம்பூர் பிரியாணியின் அண்டாவை இந்தக் கண்ணோடு பாருங்கள். தொட்டுக்கொள்ளும் கத்திரிக்காய் நம்முடையது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் 2023இல் புவிசார் குறியீடே பெற்றது. ஆனால் சீரக சம்பா வெளியூரிலிருந்து மூட்டையாக வருகிறது. குடிநீரும் அப்படித்தான். மேட்டூர்க் காவிரி குழாய் வழியே இங்கே வருகிறது. 2019 ஜூலையில் சென்னை தவித்தபோது, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர் நீர் ரயிலில் போனது. வறண்ட ஊர் தலைநகருக்குத் தண்ணீர் அனுப்பியது. பாதை இருந்தால் அதுவும் முடியும்.

நைஜருக்கு அந்த வசதி இல்லை. 2023 வரை நியாமேக்கு அரிசி பெரும்பாலும் பெனின் நாட்டின் கொட்டனு துறைமுகத்தில் இறங்கி, ஒரு நாட்டெல்லையைக் கடந்து, 1,000 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வந்தது. ஒவ்வொரு கிலோமீட்டரும் விலையில் ஏறும். 2023 ஜூலையில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் எல்லைகளை மூடின. அடுத்த ஆண்டு பிப்ரவரி வரை அந்தத் தடை நீடித்தது. உணவு லாரிகள் எல்லையில் வரிசையாக நின்றன. வானம் அப்போது குற்றம் எதுவும் செய்யவில்லை. கம்பிவேலியில் ஒரு பூட்டுப் போட்டார்கள், நாடு முழுக்க விலை ஏறியது.

ஆனால் பாதை மட்டும் இருந்தால் போதாது என்பதையும் நம் மாவட்டமே கற்றுக்கொடுத்திருக்கிறது. ரயில் வந்து இருபது ஆண்டுகள் ஆனபின் 1876-78இல் சென்னை மாகாணம் முழுதும் பெரும் பஞ்சம் விழுந்தது. தண்டவாளத்தில் தானியம் வந்தது. ரயிலடியில் மூட்டை குவிந்திருக்க, வாங்கக் காசில்லாமல் மக்கள் செத்தார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று அரசின் தூதர் ரிச்சர்ட் டெம்பிள் நிர்ணயித்தார். மண் சுமக்கிற உடலுக்கு அது போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். அந்தக் கொடுமைக்குப் பிறகுதான் 1880இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதன் வழியே பஞ்ச விதித்தொகுப்புகள் எழுதப்பட்டன. தானிய விலை ஏறுகிறதா, மக்கள் ஊர்விட்டு ஊர் அலைகிறார்களா என்று பார்க்கும்படி அதிகாரிகளுக்குச் சொன்ன விதிகள் அவை.

இதுதான் நான்காவது இடம், கையில் உள்ள காசு. 1981இல் அமர்த்தியா சென் பஞ்சம் பற்றி எழுதிய நூலின் மையமும் இதுவே. ஊரில் சோறு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. அது என் தட்டுக்கு வர எனக்கு வழி இருக்கிறதா என்பது வேறு கேள்வி. பொய்கை மாட்டுச் சந்தைக்குச் செவ்வாய்க்கிழமை போய்ப் பாருங்கள். வறட்சி ஆண்டில் தீவனம் இல்லாமல் எல்லாரும் ஒரே நேரத்தில் மாட்டை ஓட்டி வருவார்கள். விற்பவர் கூட்டம் பெருகும், விலை விழும். அதே வாரம் கடையில் அரிசி விலை ஏறும். மாட்டை விற்றவர் இரண்டு பக்கமும் அடி வாங்குவார். தோல் மண்டிக்காரர்கள் இந்தக் கணக்கை நன்கு அறிவார்கள். பஞ்ச ஆண்டில் தோல் மலியும்.

பையன் கேட்ட கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். 2004இல் நைஜரில் மழை முன்கூட்டியே நின்றது, வெட்டுக்கிளியும் வந்தது. விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்தப் பத்தில் ஒரு பங்கு எல்லார் தட்டிலும் சமமாகக் குறையவில்லை. தெற்கே இருக்கும் நைஜீரியா பெரிய நாடு, வாங்கும் சக்தி உள்ள நாடு. வழக்கமாக அங்கிருந்து வரும் தானியம் வரவில்லை, மாறாக நைஜரின் தானியத்தையே அந்தச் சந்தை இழுத்தது. புர்கினா பாசோவும் மாலியும் தங்கள் தானியம் எல்லை தாண்டாதபடி தடுத்தன. கம்பு விலை ஏறியது. மேய்ச்சல் காய்ந்து ஆட்டு விலை விழுந்தது. மூன்று மாதச் சோறு வாங்கித் தந்த ஓர் ஆட்டால் இப்போது அதில் பாதிகூட வாங்க முடியவில்லை என்றால், அந்த வீட்டுக்குப் பத்தில் ஒரு பங்கா குறைந்தது? பாதிக்கு மேல் போய்விட்டது. தானியம் நன்றாக விளையும் மராதி பகுதியிலேயே குழந்தைகள் அதிகம் வாடியது இதனால்தான். விளைந்தது கடனுக்குப் போனது, சந்தைக்குப் போனது, பசித்த வீட்டுக்கு வரவில்லை.

வேலூர் இந்தக் கண்ணியில் விழாமல் இருப்பதற்கு இரண்டு கைகள் தாங்குகின்றன. ஒன்று ரேஷன் கடை. 1997இல் நாடு முழுதும் ஏழைகளை மையமாக வைத்துப் பொது விநியோகத்தைச் சுருக்கியபோது தமிழ்நாடு எல்லாருக்கும் என்பதை விடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. அதற்கு முன்பே, 1982இல், பள்ளியில் சத்துணவு விரிந்தது. ஆடியில் குதிர் காலியாவது என்ற பயம் அந்தத் தெருமுனைக் கடையால் குறைந்தது. இன்னொன்று தோல் தொழில் தரும் சம்பளம். விடியற்காலை வேனில் ஏறுகிற பெண்களின் கூலியால் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. இதை மறைத்துவிட்டு டேனரியைத் திட்டுவது நியாயமாகாது.

ஆனால் அதே தொழில்தான் கிணற்றை எடுத்துக்கொண்டது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக வேண்டும். கூலிக் காசில் அரிசி வாங்குகிறோம், அந்த அரிசி விளைவது வேறு மண்ணில். அந்த மண்ணில் ஒரு கெட்ட ஆண்டு வந்தால்? வெளிநாட்டு ஆர்டர் நின்று வேன்கள் வராமல் போனால்? பாதையும் காசும் பிறர் கையில் இருப்பவை. மழையும் நம் சொல் கேட்காது. நான்கில் நாம் இங்கேயே காப்பாற்றக் கூடியது கிணறும் மண்ணும்தான். உப்பைப் பச்சைத் தோலிலிருந்து தட்டி எடுத்துத் தனியே சேர்ப்பது, சுத்திகரிப்பில் மிஞ்சும் உப்பு மழையில் கரையாமல் காப்பது, ஏரி வரத்துக்கால்வாயைத் தூர்வாருவது, கொல்லையில் கேழ்வரகுக்கு ஒரு மூலையாவது விடுவது எல்லாம் சின்ன வேலைகளாகத் தெரியும். 2023இல் நீலகிரி, தருமபுரி ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதை நம் மாவட்டங்களுக்கும் கேட்டால் கொல்லைக்காரருக்கு நிலையான வாங்குபவர் கிடைப்பார், பிள்ளைகளுக்கு இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும்.

நேற்று மறுபடி அவனை அதே கடையில் பார்த்தேன். இதையெல்லாம் சுருக்கிச் சொன்னேன். கிளாஸைத் திருப்பித் தந்துவிட்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அவன் தாத்தாவின் கழனி வாணியம்பாடி ரோட்டில் பத்து வருஷமாகச் சும்மா கிடக்கிறதாம். வீட்டுக்குக் கேன் தண்ணீர் வருவதால் கிணற்றை யாரும் எட்டிப் பார்ப்பதில்லையாம்.

“சார், எங்க கெணத்துத் தண்ணிய எங்க குடுத்துப் பாக்கணும்?”

விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போ என்றேன். சுத்தமான ஒரு லிட்டர் பாட்டிலை அதே தண்ணீரால் இரண்டு முறை அலசிவிட்டு நிரப்பு, கழனியின் நாலைந்து இடத்தில் அரையடி ஆழத்து மண்ணையும் கலந்து ஒரு பையில் எடுத்துப் போ என்றேன். வேன் ஹாரன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை போகிறேன் என்றான். ஞாயிறு விடுமுறையாக இருக்கும், ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போ என்று பின்னாலிருந்து கத்தினேன். கையை உயர்த்திக் காட்டிவிட்டு ஏறிக்கொண்டான்.